வீட்டுக்காரம்மாவிடம் ஒரு கேள்வி

அத்தியாயம் 14

மூன்று வருஷமாக அந்த வீட்டில் 'அந்த நாள்' என்றால் ஒரே ஒரு நாள்தான். அது இன்றைக்கு விடிந்தேவிட்டது.

ஆறு மணிக்கெல்லாம் உச்சியார் குளித்து, சவரம் செய்து, துறைமுகத்து நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். பெற்றவர்கள் வைத்த பேர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது. துறைமுகத்தில் காவலாளி முதல் பெரிய அதிகாரி வரைக்கும் அவர் உச்சியார்தான். இருபத்திரண்டு வருஷம், பன்னிரண்டு மாடி உயரத்தில், கிரேனின் கேபினில் உட்கார்ந்து கப்பலிலிருந்து கன்டெய்னர் பெட்டிகளை இறக்கியவர். காலுக்குக் கீழே கண்ணாடித் தரை, அதற்குக் கீழே கடலும் மனிதர்களும். ஒரு பெட்டியைக்கூட அவர் இடித்ததில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், வேலை முடிந்து கீழே இறங்கி, உடை மாற்றும் அறையில் பூட்ஸைக் கழற்றும்போது வலிப்பு வந்து சாய்ந்தார். மேலே இருக்கும்போது வராமல் கீழே வந்தபிறகு வந்ததே, அது யார் செய்த புண்ணியமோ. ஆனால் கேபின் அன்றைக்கே மூடிக்கொண்டது. மூன்று வருஷம் ஒரு தடவைகூட வராமல் இருந்தால் மருத்துவக் குழு பார்த்து மறுபடி மேலே அனுப்பும். வந்தால் கணக்கு முதலிலிருந்து. அவருக்கு இப்போது ஐம்பத்திரண்டு. ஐம்பத்தைந்து ஆகிவிட்டால் யாரையும் கேபினில் விடுவதில்லை. ஆக, இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு.

அதுவரைக்கும் சாமான் அறையில் உட்கார்ந்து கையுறையும் கயிறும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கப்பலில் எந்தப் பெட்டி எங்கே போகவேண்டும் என்று வரைந்து கொடுக்கும் திட்ட அறையிலிருந்து இரண்டு தடவை ஆள் அனுப்பினார்கள். அனுபவம் உள்ளவர் வேண்டும், வாருங்கள் என்று. போகமாட்டேன் என்றுவிட்டார். சாமான் அறை காத்திருக்கிற இடம். திட்ட அறை குடியேறுகிற இடம். தரையில் குடியேற அவர் தயாராக இல்லை.

"காலர் மடங்கியிருக்கு" என்று மகள் வந்து சரி செய்தாள். சிட்டு என்று கூப்பிடுவார்கள். மருந்துக்கடையில் வேலை. அப்பாவின் மாத்திரையை மாசம் தவறாமல் கொண்டுவந்து, எண்ணி டப்பாவில் போட்டு வைப்பவள் அவள்தான். சாயங்காலம் சீக்கிரம் வந்துவிடுவதாகவும், நல்ல சேதியை முதலில் தனக்குத்தான் சொல்லவேண்டும் என்றும் கட்டளை போட்டுவிட்டு ஓடினாள்.

இதையெல்லாம் பார்த்தபடி அடுக்களை வாசலில் நின்றுகொண்டிருந்தாள் அவர் மனைவி.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் அவள் மேற்பார்வையாளர். அங்கே எல்லோருக்கும் இஸ்திரி அக்கா. தினமும் முதல் இயந்திரம் ஓடத் தொடங்குவதற்கு முன்னால், அழுக்குத் துணி மூட்டைகளுக்கு நடுவில் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நிற்பாள். கேட்பது ஒன்றே ஒன்றுதான்: அவரை மறுபடி மேலே அனுப்பு. ஒரு நாள் விடவில்லை. காய்ச்சல் அடித்த நாளில்கூட போய் நின்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்து படுத்தாள். "சாமிக்கே காது வலிக்கும்க்கா" என்று கூட இருக்கும் பெண்கள் கேலி செய்வார்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பாள் இவள்.

ஒன்பது நாளாக அந்தப் பிரார்த்தனை தொண்டையில் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை. உச்சியார் டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். டம்ளர் நிரம்பி வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை. கண் திறந்துதான் இருந்தது, ஆனால் அதில் ஆள் இல்லை. இடது கை விரல்கள் மட்டும் சட்டைப் பொத்தானைத் திருகித் திருகி விட்டுக்கொண்டிருந்தன. "என்னங்க" என்றாள். பதில் இல்லை. மறுபடி கூப்பிட்டாள். மூன்றாம் தடவை கூப்பிட்டுத் தோளைத் தொட்டதும் திரும்பிப் பார்த்து, "என்ன, தண்ணி வேணுமா?" என்று சாதாரணமாகக் கேட்டார். மொத்தமே அரை நிமிஷம் இருக்கும். நடந்தது அவருக்கே தெரியவில்லை.

அவள் குழாயை மூடினாள். வாயையும் மூடிக்கொண்டாள். கணவனிடம் சொல்லவில்லை, மகளிடம் சொல்லவில்லை. கடவுளிடம் மட்டும், அது அதுவாக இருக்கக்கூடாது என்று ஒரு வரி சேர்த்துக் கேட்டாள்.

*

துறைமுக ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடி வராந்தாவில் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார்கள். அந்த ஒரு மணி நேரமும் உச்சியாருக்குத் திருவிழா மாதிரிதான் இருந்தது. வருகிறவர் போகிறவர் எல்லாம் கை கொடுத்தார்கள். நீ இல்லாமல் பெட்டியெல்லாம் குடித்தவன் மாதிரி ஆடுகிறது என்று ஒருவர் சொன்னார். நாளைக்கே ஏறிவிடுவீர்களா என்று இன்னொருவர் கேட்டார். முடிவு வந்து கையில் இருப்பதுபோல அவர் சிரித்தார்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேற்று துணி மடித்துக்கொண்டே, ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல அவரிடம் கேட்டிருந்தாள்: அரை நிமிஷத்தில் கிரேனில் என்ன செய்ய முடியும்? அவருக்குக் கேள்வி பிடித்துப்போயிற்று. கப்பலிலிருந்து பெட்டியைத் தூக்கி லாரிக்கு நேர் மேலே கொண்டுவந்து நிறுத்திவிடலாம் என்றார். கீழே நிற்கிற ஆள் பயப்பட மாட்டானா என்று கேட்டாள். "அவன் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டான். மேல உச்சி இருக்கான்னா அவ்வளவு நம்பிக்கை" என்றார் பெருமையாக.

அந்தப் பெருமைதான் இப்போது அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. நிமிர்ந்து பார்க்காமல் நிற்கிறவனை அவளுக்குத் தெரியும். கயிறு என்று கூப்பிடுவார்கள், லாரிப் பக்கம் நின்று பெட்டியை நேர்ப்படுத்துகிறவன். வீட்டுக்கு வந்தால் "அக்கா, காரம் கம்மியா இருக்கு" என்று உரிமையோடு குறை சொல்லிச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவன்.

பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். இருவரையும் உள்ளே வரச் சொன்னார்கள்.

மூன்று டாக்டர்கள். நடுவில் நரைத்த முடியோடு ஒரு பெண் டாக்டர், அவர்தான் தலைவர். கண் பரிசோதனை நன்றாக இருந்தது. காது, ரத்தம், இதயம் எல்லாம் நன்றாக இருந்தன. மூளையின் மின்னோட்டத்தைப் பார்க்கும் சோதனையிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. "எனக்கே உங்க அளவுக்குக் கண்ணு தெரியாது" என்று ஓரத்தில் இருந்த டாக்டர் சொன்னார். உச்சியாரின் முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. மூன்று வருஷத்தில் ஏதாவது வந்ததா என்று கேட்டார்கள். ஒரு தடவைகூட இல்லை என்றார். சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி தொண்டையைச் செருமிக்கொண்டதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

தலைவர் பேனாவை எடுத்தார். எடுத்தவர், கையெழுத்துப் போடாமல் அவள் பக்கம் திரும்பினார்.

"இந்தக் கேள்வி உங்களுக்கும்மா. இவருக்கு வர்றது சில சமயம் இவருக்கே தெரியாது. கூட இருக்கறவங்களுக்குத்தான் தெரியும். கண்ணு நிலைகுத்தி நிக்கறது, கூப்பிட்டாப் பதில் வராம இருக்கறது, இந்த மாதிரி ஏதாவது பார்த்தீங்களா?"

"அவ சொல்ல என்ன இருக்கு டாக்டர்?" என்று முந்திக்கொண்டார் உச்சியார். "மூணு வருஷமா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டு என்னைத்தான் பார்த்துக்கிட்டிருக்கா."

"அவங்களே சொல்லட்டும்."

அவள் மனசுக்குள் கடைசியாக ஒரு தடவை கேட்டாள். இந்தக் கேள்வியை மாற்றிவிடு, இல்லையென்றால் நான் பார்த்ததை மாற்றிவிடு. கேள்வி அப்படியே இருந்தது. பார்த்ததும் அப்படியே இருந்தது: வழிகிற தண்ணீர், திருகுகிற விரல், ஆளில்லாத கண்.

"பார்த்தேன் டாக்டர்" என்றாள்.

"எப்போ?"

"ஒன்பது நாளைக்கு முன்னாடி. ஞாயித்துக்கிழமை, காலைல ஏழேகால் இருக்கும்."

அதன்பிறகு குரல் நடுங்கவில்லை. துணியில் எங்கே கறை, எவ்வளவு பெரிய கறை என்று தினமும் எழுதிக் கொடுக்கிறவள். அதே ஒழுங்கோடு, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். மூன்று தடவை கூப்பிட்டது, தோளைத் தொட்டது, அவர் திரும்பிக் கேட்டது. இதற்குமுன் இப்படிப் பார்த்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னாள்.

உச்சியார் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன சொல்ற நீ?" என்று மெதுவாகக் கேட்டார். அவள் திரும்பவில்லை. திரும்பினால் பாதியில் நின்றுவிடுவோம் என்று தெரியும்.

தலைவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு இரண்டு டாக்டர்களிடமும் தாழ்ந்த குரலில் பேசினார். பிறகு சொன்னதை அன்பாகத்தான் சொன்னார். இதுவும் வலிப்புதான், விழாமல் வருகிற வகை. மாத்திரையின் அளவைக் கூட்டவேண்டும். வீட்டில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் கேபின் இல்லை. இப்போது இல்லை, மூன்று வருஷம் கழித்தும் இல்லை. அதற்குள் வயது தாண்டிவிடும்.

உச்சியார் எழுந்து மூவரையும் கும்பிட்டார். நாற்காலியை மேசைக்குள் தள்ளி வைத்தார். கதவைத் திறந்துகொண்டு போனார். லிஃப்ட் பக்கம் போகாமல் படியில் இறங்கிப் போய்விட்டார்.

*

வாசலில் இருந்த சிமெண்டுப் பெஞ்சில் அவள் உட்கார்ந்தாள். அவரைக் காணவில்லை. தேடிப் போகக் கால் வரவில்லை.

இவ்வளவு நாள் கெஞ்சியவள் இப்போது சண்டைக்குப் போனாள். ஆயிரம் நாளுக்கு மேல் கேட்டேனே. தரமாட்டேன் என்பதை முதல் நாளே சொல்லித் தொலைத்திருந்தால் என்ன? மூன்று டாக்டர் இருந்தார்களே, அவர்கள் கருவியில் தெரிந்திருக்கக்கூடாதா? இல்லை என்கிற பதிலைக்கூட என் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டுமா?

சண்டை போட்டுக்கொண்டே இருந்தவளுக்கு ஒன்று உறைத்தது. ஒன்பது நாளாக மூச்சை அடைத்துக்கொண்டிருந்தது இப்போது இல்லை. கேட்டது கிடைக்கவில்லை, அழுகை வந்தது, ஆனாலும் மூச்சு தாராளமாக வந்தது. பதில் அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்துவிட்டது. அதைக் கையில் வாங்க மனசில்லாமல் ஒன்பது நாள் வாசலிலேயே நிறுத்தி வைத்தது அவள்தான்.

நிழல் விழுந்தது. உச்சியார் இரண்டு காகிதக் கோப்பையில் டீயோடு நின்றார். ஒன்றை அவளிடம் கொடுத்துவிட்டு, நடுவில் ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார்.



"கோபமா?" என்றாள்.

"இருந்துச்சு. படி இறங்கி முடிக்கறவரைக்கும் இருந்துச்சு." ஒரு வாய் குடித்தார். "போன மாசம் ஆறாம் நம்பர் பஸ்ல நின்னுக்கிட்டு வந்தேன். கடைத்தெரு ஸ்டாப் வரப்போகுதுன்னு பையை எடுத்தேன். அடுத்துப் பார்த்தா பஸ் டிப்போவுல நிக்குது. நடுவுல நாலு ஸ்டாப்பு எங்க போச்சுன்னே தெரியல."

அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"தூங்கிட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். நின்னுக்கிட்டே எவனாவது தூங்குவானா? எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் இன்னைக்கு உள்ள உட்கார்ந்து ஒரு தடவைகூட இல்லைன்னேன்."

"ஏங்க சொல்லல?"

"ஏறணுங்கற வெறி. வேற என்ன." அவர் தலை குனிந்தே இருந்தது. "நான் மேல போற வழியைப் பார்த்தேன். நீ கீழ நிக்கறவனைப் பார்த்தே. இருபத்திரண்டு வருஷம் அவ்வளவு உசரத்துல உட்கார்ந்தும் எனக்குத் தெரியாதது, துணி மூட்டைக்கு நடுவுல நிக்கறவளுக்குத் தெரிஞ்சிருக்கு."

கல்யாணம் ஆன இத்தனை வருஷத்தில் அந்த மனிதர் வாயிலிருந்து அவளைப் பற்றி இப்படி ஒரு வார்த்தை வந்ததில்லை. சமையல் நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி போட்டுக்கொள்வார், அதுதான் பாராட்டு. அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். நடுவில் விட்டிருந்த ஒரு ஆள் இடத்தில் அவர் நகர்ந்து வந்து உட்கார்ந்தார்.

அப்போது போன் அடித்தது. சிட்டுதான். அவரே எடுத்தார். கேபின் கிடையாது என்று ஒரே மூச்சில் சொன்னார். ஏன் என்பதையும் சொன்னார். சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு வந்துவிட்டது. மூன்று பெரிய டாக்டருக்கு முன்னால் உங்கம்மா எப்படிப் பேசினாள் தெரியுமா, நீ பார்த்திருக்கணும் என்றார். பஸ் விஷயத்தையும் மறைக்கவில்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள் சிட்டு.

"ஒன்பது நாள்மா" என்றாள் மகள். குரல் கம்மியிருந்தது. "மாத்திரை எடுத்து வைக்கறவ நான். என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல."

பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள். திருப்பி அடித்தால் எடுக்கவில்லை.

*

வீட்டுக்குப் போகலாம் என்றாள் அவள். துறைமுகத்துக்குப் போகலாம் என்றார் அவர். விஷயம் கண், காது, மூக்கு வைத்து வேறு வழியாகப் போய்ச் சேர்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டுமாம்.

துறைமுக வாசலில் அவளுக்கும் ஒரு மஞ்சள் ஹெல்மெட் கொடுத்தார்கள். இடைவேளை நேரம். கிரேன் காலுக்குப் பக்கத்து ஓய்வறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். உச்சியாரைக் கண்டதும் ஒருவன் விசிலடித்தான். அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

நின்றுகொண்டேதான் சொன்னார். இனிமேல் மேலே ஏறப்போவதில்லை என்றார். வியாதி போகவில்லை, போய்விட்டதாகத் தானே நம்பிக்கொண்டும் மற்றவர்களை நம்ப வைத்துக்கொண்டும் இருந்ததாகச் சொன்னார். இன்றைக்குத் தன் மனைவி உண்மையைச் சொல்லியிருக்காவிட்டால் நாளைக்கு ஏறியிருப்பேன், உங்களில் ஒருவன் தலைக்கு மேலே பெட்டி தொங்கும்போது என் கை நின்றுபோயிருக்கும் என்றார். "வெக்கப்பட வேண்டியவன் நான். பெருமைப்படவும் எனக்கு ஒருத்தி இருக்கா. இவதான்."

அவளுக்குத் தரை பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஹெல்மெட்டைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கயிறு மட்டும் எழுந்து வந்தான். வாய் ஓயாத ஆள், வார்த்தை தேடிக்கொண்டு நின்றான்.

"லாரிப் பக்கம் நான்தான்க்கா நிப்பேன்" என்றான். "அண்ணன் மேல இருந்தா நான் நிமிர்ந்து பார்க்கறதே இல்ல."

அவ்வளவுதான். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைத் தோள்துண்டால் துடைத்து அவள் பக்கம் போட்டான். மற்றவர்களும் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரும் எழச் சொல்லவில்லை.

மூன்று வருஷமாகக் கணவனை உயரத்தில் பார்க்கவேண்டும் என்று கேட்டவள், தரையில் நின்று தன் தப்பைத் தானே சொல்லும் அந்த மனிதரைப் பார்த்தாள். கேபினில் இருந்தபோது அவர் இவ்வளவு பெரிய ஆளாக அவளுக்குத் தெரிந்ததில்லை.

வெளியே வந்தபோது மேலே யாரோ புது ஆள் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தான். உச்சியார் நிமிர்ந்து பார்த்தார். பெட்டி காற்றில் லேசாக ஆடியது. "விடு, விடு, அதுவா நிக்கட்டும்" என்று முணுமுணுத்தார். நின்றது. லாரியில் அலுங்காமல் இறங்கியது. கண் ஓரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, நல்லாத்தான் செய்யறான் என்றார்.

அப்புறம், நீ இங்கேயே இரு என்று அவளை ஒரு தூண் நிழலில் நிறுத்திவிட்டு, எதிரே இருந்த கண்ணாடிக் கட்டிடத்துக்குள் நுழைந்தார். திட்ட அறை.

அங்கே தலைமையில் இருப்பவர் யார் என்று அவளுக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால், பெட்டிக் கணக்கைத் தப்பாகப் போட்டதற்காக, வயர்லெஸ்ஸில் எல்லோரும் கேட்கிற மாதிரி உச்சியார் கிழித்துத் தோரணம் கட்டிய அதே ஆள். ஆள் அனுப்பிய இரண்டு தடவையும் வேறொருவர் அந்த நாற்காலியில் இருந்தார். இவர் போன மாசம்தான் வந்திருக்கிறார்.

கண்ணாடி வழியே எல்லாம் தெரிந்தது, ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஆள் உட்காரச் சொல்லவில்லை. யாரிடமும் எதுவும் கேட்டுப் பழகாத அவள் கணவர், கையை முன்னால் கட்டிக்கொண்டு நின்றபடியே ஏதோ கேட்டார். அந்த ஆள் வெகுநேரம் கணினித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு வார்த்தை சொன்னார்.

உச்சியார் வெளியே வந்தார். முகத்தைப் பார்த்து ஒன்றும் படிக்க முடியவில்லை.

"என்ன கேட்டீங்க?"

"ஒரு நாற்காலி காலியா இருந்தா எனக்குக் குடுங்கன்னு கேட்டேன். அன்னைக்குக் கத்தினதுக்கு மன்னிப்பும் கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?"

"திங்கட்கிழமை சொல்றாராம்."

இருவரும் வாசலை நோக்கி நடந்தார்கள். அவள் மறுபடி மகளுக்குப் போன் போட்டுப் பார்த்தாள். மணி அடித்து ஓய்ந்தது. ஹெல்மெட்டைக் கழற்றிக் காவலாளியிடம் கொடுக்கும்போது உச்சியார் கேட்டார், பாதி விளையாட்டாக, பாதி நிஜமாக.

"இதுக்கும் வேண்டிக்குவியா?"

அவள் யோசித்தாள்.

"வேண்டிக்குவேன்" என்றாள். "ஆனா இந்தத் தடவையும் இல்லைன்னா திங்கட்கிழமையே சொல்லிடுன்னு கேட்பேன். மூணு வருஷமெல்லாம் இழுத்தடிக்கக் கூடாது."

உச்சியார் நின்றுவிட்டார். அப்புறம் சிரித்தார். காலையிலிருந்து சிரித்த சிரிப்பு இல்லை, வயிறு குலுங்குகிற சிரிப்பு. காவலாளி கேபின் கிடைத்துவிட்டது என்றே நினைத்து எழுந்து அவருக்குக் கை கொடுத்தார். உச்சியார் மறுக்கவில்லை. அந்தக் கையை அப்படியே பிடித்து மனைவி பக்கம் திருப்பிவிட்டார்.

"அவங்களுக்குக் குடுங்க" என்றார்.